தவறாமல் வந்த இதழ்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டுகள் நிறைவுற்ற இவ்வேளையில், வட்டம் தனக்கென ஓர் இதழ் தொடங்கவேண்டும் என்னும் எண்ணம் உறுப்பினர் பலரிடம் வேர்விட்டிருக்கிறது. இதழ் தொடங்குதல் அரிய செயலன்று. தமிழில் முதல் இதழோடு நின்றுபோனவற்றைத் தொகுத்தால் அதுவே ஒரு நூலகம் ஆகும். ஏழாம் இதழும் ஐம்பதாம் இதழும் வாசகர் கைக்குத் தவறாமல் சென்று சேர்வதே அரிது. அவ்வருமையை நிகழ்த்திக் காட்டியவர் சி. சு. செல்லப்பா, அவர் நடத்திய இதழ் ‘எழுத்து’.

1959 சனவரியில் அவ்விதழைத் தொடங்கியபோது செல்லப்பாவின் வயது நாற்பத்தாறு. இளமை வேகத்தில் பிறந்த ஏடன்று அது. 1933இல் தோன்றிய மணிக்கொடியில் எழுதி வளர்ந்தவர் அவர். வார ஏடாய் எழுந்து, 1935இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதை ஏடாய் உருமாறி, சில ஆண்டுகளில் ஓய்ந்துபோன அதன் வரலாற்றை அருகிலிருந்து கண்டவர். (ராமையாவும் செல்லப்பாவும் வத்தலக்குண்டு மண்ணைச் சேர்ந்தவர்கள். அவ்வூர் தமிழுக்குத் தந்த கொடை தனியே பேசத்தக்கது.) ஆகவே, எழுத்தைத் தொடங்குமுன்பே சிலவற்றை அவர் வரையறுத்துக்கொண்டார்.

இரண்டாயிரம் படிகளுக்குமேல் அச்சிடுவதில்லை. கடைகளில் விற்பனைக்குத் தருவதில்லை. சந்தா செலுத்துவோர்க்கே இதழ். முதல் இதழிலேயே அறிவித்த வரம்பு இது. இதழாசிரியர் பலர் எல்லையற்ற வாசகர் கூட்டத்தை மனத்தில் கொண்டு தொடங்குவர். செல்லப்பா வேலியிட்டுத் தொடங்கினார். சந்தாதாரர் தொகை அவ்வேலியை ஒருநாளும் நெருங்கவில்லை என்பதை எண்ணும்போது அவ்வறிவிப்பு நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆயினும் அதன் பயன் வேறு. விற்பனையாளர் விருப்பத்துக்கும் பெருவழக்கான சுவைக்கும் இணங்கவேண்டிய கட்டாயம் அவருக்கு எழவில்லை. எவர்க்காக இவ்விதழ் என்னும் வினாவுக்கு விடை முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

எதற்காக என்பதற்கும் விடை இருந்தது. திறனாய்வு வளரவேண்டும் என்பதே அவர்தம் முதன்மை நோக்கம். பிறர் கட்டுரைகளுக்காகக் காத்திராமல் ஆசிரியரே தொடர்ந்து எழுதினார். அவருடைய ‘ஜீவனாம்சம்’ நாவலும், பின்னாளில் நூலான ‘தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது’ கட்டுரைகளும் எழுத்தில் தொடராக வந்தவையே. தொடர் ஒன்று கையில் இருக்கும் ஆசிரியர்க்கு மாதக் கடைசி அச்சம் தருவதில்லை.

ஆனால் இன்று எழுத்து நினைக்கப்படுவது பெரிதும் கவிதைக்காக. இஃது அவர் திட்டத்தின் மையத்தில் இல்லாதது. இங்கே அமர்ந்திருக்கும் கவிஞர்கள் கூர்ந்து நோக்கவேண்டிய இடமும் இதுவே. முதல் இதழில் ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ இடம்பெற்றது. முன்பே அச்சேறிய பழைய கவிதைதான்; மறுவெளியீடு. மார்ச்சு இதழில் பசுவய்யா என்னும் பெயரில் சுந்தர ராமசாமியின் ‘உன் கை நகம்’ வந்தது. 1960 முதல், திருகோணமலையிலிருந்து இருபது வயது இளைஞர் ஒருவர் எழுதலானார். அவரே தருமு சிவராமு, பின்னாளைய பிரமிள். எஸ். வைத்தீஸ்வரன் வந்தார். 1962இல் சி. மணியின் ‘நரகம்’ என்னும் நெடுங்கவிதை வந்தது. அவ்வாண்டே 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்து ‘புதுக்குரல்கள்’ என்னும் தொகுப்பாகச் செல்லப்பா வெளியிட்டார். தொடங்கி நான்கு ஆண்டுகள் முடியுமுன் ஒரு கவிதை இயக்கத்தின் முதல் அறுவடை களம் சேர்ந்துவிட்டது.

இவர்களை ஒன்றாக அமர்த்தி எவரும் பயிற்சி தரவில்லை. ஒருவர் ஓர் ஊரிலும் மற்றவர் கடலுக்கு அப்பாலும் இருந்தனர். இணைத்தது அஞ்சலில் மாதந்தோறும் வந்த அந்த மெல்லிய ஏடு. ஓர் இதழில் ஒருவர் கவிதையைப் படித்த மற்றவர் மனத்தில் மறுமொழியாக ஒரு கவிதை கிளைக்கிறது. அடுத்த இதழ் வரும் என்னும் உறுதி இருந்தால்தான் அது தாளில் இறங்கி உறைக்குள் புகும். எப்போது வருமோ என்னும் இதழுக்கு எவரும் தம் புதிய கவிதையை அனுப்புவதில்லை. பெட்டியின் அடியில் கிடந்த பழையதைத்தான் அனுப்புவர். யாப்பை விட்டு விலகியோர்க்கு இடமளித்த ஏடு, தான் வரும் நாளில் யாப்பு வழுவாமல் வந்தது என்பது எண்ணி மகிழத்தக்க முரண்.

ஒன்பது ஆண்டுகளுக்குமேல் மாத இதழாகவே நடந்து, பின்னர்க் காலாண்டிதழாகி, 1970இல் எழுத்து நின்றது. மொத்தம் 119 இதழ்கள்.

இம்முயற்சிக்கு மனைவியின் நகைகள் விலையாயின என்பர். நூல்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று செல்லப்பா விற்றதும் பலர் எழுதிய செய்தி. மேடைகளில் இவை ஈகமாகப் போற்றப்படுகின்றன, போற்றத்தக்கனவே. ஆயினும் நகையைக் கழற்றித் தந்த அம்மையார், இலக்கிய வரலாற்றில் ‘மனைவி’ என்னும் ஒரு சொல்லாக மட்டுமே பெரும்பாலும் நிற்கிறார். படியின் தொகையை, வாசகரை, பொருளை எல்லாம் வரையறுத்த அத்திட்டம், இல்லத்தின் சுமைக்கு மட்டும் வரம்பிடவில்லை. இக்குறையைச் சுட்டுவது செல்லப்பாவின் பெருமையைக் குறைப்பதாகாது. அதைச் சுட்டாமல் அவர் வழியைப் பின்பற்றச் சொல்வதே தவறு.

வட்டத்தின் இதழ் காலாண்டிதழாகவே தொடங்கட்டும். செல்லப்பா ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தடைந்த இடத்திலிருந்து புறப்படுவதில் இழுக்கில்லை. ஓராண்டுக்கான அச்சுச் செலவும் அஞ்சல் செலவும் உறுப்பினர் அனைவரின் பங்காகச் சேரட்டும். எவர் வீட்டுப் பெட்டகமும் அதற்காகத் திறக்கவேண்டா. கணக்கைப் பார்ப்பவர் ஒருவர், மெய்ப்புத் திருத்துபவர் மற்றொருவர் என்று இன்றே பெயர் குறிக்கப்படட்டும். மூன்று இதழ்களுக்குரிய படைப்புகள் திருத்தம் முடிந்து கையில் சேர்ந்தபின், முதல் இதழ் வெளிவரும் நாளை அறிவிக்கலாம்.