பல்கலைக்கழகத்தை ஊருக்கு அழைப்போம்

(பெருமுக்கலில் நடந்த நமது அறக்கட்டளையின் வருடாந்தரக் கல்விக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வருடா வருடம் இந்த மேடையில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம், துஆ செய்கிறோம், பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போகிறோம். இந்த வருடம் பரிசளிப்புக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழகம் வருடம் முழுவதும் என்னென்ன செய்கிறது, அதில் நமக்கு என்ன பங்கு என்பதைப் பேசிவிட வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்தோம். பசி நேரம்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்கள் தாம்பரம் வருவதற்கு முன் வண்டலூரைக் கடந்துதான் போகிறோம். உயிரியல் பூங்காவைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அதே வண்டலூரில் கிரசென்ட் இருக்கிறது. கீழக்கரையைச் சேர்ந்த மர்ஹூம் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984-ல் பொறியியல் கல்லூரியாக அதைத் தொடங்கினார்கள். கால் நூற்றாண்டுக்குள் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இன்று பொறியியலோடு சட்டம், கட்டடக்கலை, மருந்தியல், உயிர் அறிவியல், இஸ்லாமியக் கல்வி எல்லாம் அங்கே உண்டு. புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களைக் கைதூக்கிவிட ஒரு மையமும் நடத்துகிறார்கள். அதோடு விடாமல் 1988-ல் கீழக்கரையில் பெண்களுக்கென்று தாசிம் பீவி அப்துல் காதர் கல்லூரியையும் உண்டாக்கினார்கள். அவர்கள் 2015 ஜனவரியில் மறைந்தார்கள். படிப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஸதக்கத்துல் ஜாரியா என்று ஹஜ்ரத் ஜும்ஆவில் சொல்வதற்குக் கண் முன்னால் உள்ள உதாரணம் இது.

இதைச் சொன்னதும் நம்மில் சிலர், "அது பணக்காரர் வேலை, கட்டணமும் நமக்கு எட்டாது" என்று சொல்வார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கட்டணம் அரசுக் கல்லூரி போல் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் பல்கலைக்கழகத்திடம் நமக்கு வேண்டியது சீட்டு மட்டும்தானா? நாம் கேட்காமல் விட்டது வேறொன்று இருக்கிறது.

எந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். முதலில் தேர்ச்சி, தங்கப் பதக்கம், வேலை கிடைத்தவர் எண்ணிக்கை, ஆய்வுக் கட்டுரை. பின்னால் சமூகப் பணி என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். தரம் பார்க்க வரும் நாக் குழுவும் அதைக் கேட்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. அதில் சேர்ந்த மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், ஏழு நாள் முகாமும் உண்டு. 2014-ல் வந்த உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் சேரும் கல்வி நிறுவனம் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்றாக நம் ஊர் ஏன் இருக்கக்கூடாது? எந்தக் கல்லூரி வாசலுக்கும் நாம் போய்க் கேட்டதில்லை. மலையைப் பார்க்கவும் மலைமேல் கல்வெட்டுப் படிக்கவும் எங்கெங்கிருந்தோ மாணவர்கள் வருகிறார்கள். மலையடியில் இருக்கும் நம் தெருவுக்கு வா என்று நாம் ஒருவரையும் கூப்பிடவில்லை.

இதைப் பெயருக்குச் செய்கிறவர்களும் உண்டு. பேனர் கட்டி, நாலு மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மறு வாரம் கன்றை ஆடு மேய்ந்திருக்கும். ஒழுங்காகச் செய்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைப் பாருங்கள். டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் உண்டாக்கிய இடம். 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனமாகி, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பெரிய பல்கலைக்கழகமல்ல. ஆனால் அங்கே மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்வது படிப்பிலேயே ஒரு பகுதி. ஊர்க்காரர் வீட்டில் என்ன குறை என்று தெரியாமல் பட்டம் வாங்க முடியாது என்று வைத்திருக்கிறார்கள். நமக்குப் பிடித்தது அதுதான்.

நம் விழுப்புரத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் 2021-ல் சட்டமானதும், அதே வருடம் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கச் சட்டமன்றத்தில் முடிவானதும் உங்களுக்குத் தெரியும். அந்த அரசியல் இந்த மேடைக்கு வேண்டாம். திண்டிவனத்தில் அ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பஸ்ஸில் போய் மாலையில் வீடு திரும்பும் தூரம். முதலில் அங்கே போய்க் கேட்போம், பிறகு வண்டலூருக்கும் போவோம்.

வந்தால் அவர்களிடம் என்ன வேலை கொடுப்பது? தெருவைக் கூட்டச் சொல்ல வேண்டாம், அதை நாமே கூட்டிக்கொள்வோம். நமக்கு வேண்டிய வேலை காகித வேலை. இதை ஏன் சொல்கிறோம் என்றால், எங்கள் கையாலேயே ஒரு தவறு நடந்துவிட்டது.

போன வருடம் ஒரு பெண் பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியது. பெயர் வேண்டாம், தாயார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அத்தா இல்லாத பிள்ளை. பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'முஸ்லிம்' என்று மட்டும் எழுதியிருந்தது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் ஒதுக்கீடு 3.5 சதவீதம் 2007-லிருந்து இருக்கிறது. அது வேண்டுமானால் சாதிச் சான்றிதழில் லெப்பை, தக்கனி, ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் வர வேண்டும். வெறும் 'முஸ்லிம்' போதாது. குடும்பத்தின் பழைய காகிதங்களைத் தேடி ஜமாஅத் கடிதத்தோடு கொடுக்க வேண்டிய பொறுப்பை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, நாங்கள் ஆளுக்கு ஆள் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிட்டோம். கடிதம் கைக்கு வந்தபோது கடைசித் தேதி முடிந்து நாலு நாள். அந்தப் பிள்ளை ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தது. எந்த அலுவலகத்தையும் இதில் குறை சொல்ல முடியாது, குறை எங்களுடையது. அந்தத் தாயாரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டோம். சபையிலும் கேட்கிறோம்.

பிள்ளை இந்த வருடம் சேர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். அதுவே பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். ஆண் பிள்ளைகளுக்கும் 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை உண்டு. இதைத் தெரியாமலே எத்தனை வீடுகள் "காலேஜுக்குச் செலவு செய்ய முடியாது" என்று பையனைச் செல்போன் கடைக்கும், பெண்ணை அடுப்படிக்கும் அனுப்பியிருக்கின்றன! கல்லூரி மாணவர்கள் நாலு பேர் ஏழு நாள் நம் தெருவில் உட்கார்ந்து, வீடு வீடாக எந்தச் சான்றிதழ் இருக்கிறது, எது இல்லை என்று எழுதிக் கொடுத்தால், அதைவிடப் பெரிய சேவை நமக்கு வேண்டாம். அவர்களுடைய ஆண்டறிக்கையிலும் எழுதிக்கொள்ளட்டும்.

பெண் பிள்ளையைப் படிக்க அனுப்பத் தயங்கும் அத்தாமார்களுக்கு ஒரு வார்த்தை. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் கராவிய்யீன் பள்ளிவாசலை 859-ல் கட்டியவர் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்று வரலாறு சொல்கிறது. வாப்பா விட்டுச்சென்ற சொத்தை அதில் போட்டார்கள். அந்தப் பள்ளிவாசலைச் சுற்றித்தான் உலகத்தின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களில் ஒன்று வளர்ந்தது. மதரஸாவில் ஓதிய காலத்தில் நமக்கு இதை யாரும் சொல்லவில்லை, கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இனி காரியத்துக்கு வருகிறோம். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலருக்குக் கொடுக்கும் கோரிக்கைக் கடிதம் தயாராக இருக்கிறது. ஊராட்சித் தலைவரிடமும் கையெழுத்துக் கேட்கப் போகிறோம், ஏனென்றால் முகாம் நம் தெருவுக்கு மட்டும் வரக்கூடாது, ஊர் முழுவதற்கும் வர வேண்டும். பட்டம் முடித்த நம் பிள்ளைகள், வெளியூரில் வேலையில் இருந்தாலும், அந்த ஏழு நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வந்து கூட இருக்க வேண்டும். வராதவர்களின் அத்தாவிடம் நாங்கள் கேட்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு மதரஸாவில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ், அத்தா அல்லது பெரியத்தாவுடைய பழைய சாதிச் சான்றிதழ் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கல்விக்காகக் கர்ழ ஹஸனா வாங்கித் தவணை பாக்கி வைத்திருப்பவர்கள் இஷாவுக்குப் பிறகு தனியாக வரலாம். அந்த நோட்டு வேறு, அதை நாலு பேர் முன்னால் திறக்க மாட்டோம்.