ஒழுகுற ஆயிலும் ஓடுற வண்டியும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கடன் வாங்குறது, கட்டுறது பற்றி நிறைய பேர் பேசிட்டாங்க. அந்தக் கடனில் வாங்கின வண்டியைப் பற்றி நான் பேசுறேன். 2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம்ம பக்கம் அதைக் குட்டியானைன்னு சொல்றோம். அதையும் பிக்கப் வண்டியையும் பழசா வாங்கி, மல்லாட்டை மூட்டையும் தர்பூசணியும் ஏத்துற குழுக்கள் இங்கே இருக்கு. வண்டி ஓடினால்தான் தவணை கட்ட முடியும். அது நின்னுபோக பெரிய விபத்து தேவையில்லை. சொட்டுச் சொட்டா ஆயில் ஒழுகினாலே போதும்.

இன்ஜினுக்கு அடியில் தட்டு மாதிரி ஒண்ணு இருக்கு. அதுதான் ஆயில் சேம்பர். இன்ஜின் ஆயில் அதில்தான் தேங்கி நிக்கும். பம்ப் அங்கிருந்து உறிஞ்சி மேலே அனுப்பும். சேம்பருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் பேக்கிங் இருக்கும். கார்க்கிலோ ரப்பரிலோ செய்தது. வருஷக்கணக்கா சூடு பட்டுப் பட்டு அது காய்ஞ்சு வெடிச்சிடும். சேம்பர் தகரமும் கல் அடிச்சு நசுங்கும். உப்பளத்துக்குள்ள போய் வர்ற வண்டின்னா துருப்பிடிச்சு ஓட்டை விழும். ஆயில் குறைஞ்சு போச்சுன்னா இரும்போட இரும்பு உரசி இன்ஜின் பிடிச்சுக்கும். பேக்கிங் சில நூறு ரூபாயில் முடியும். இன்ஜின் வேலைன்னா பல ஆயிரம். அந்தப் பணம் யார் பணம்? நம்ம சேமிப்பு.

எங்க குழு வண்டி நிறுத்துற இடத்தில் தரையெல்லாம் கறை. ஒரு பட்டறையில் காட்டினோம். "இன்ஜினையே இறக்கணும், உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா"ன்னு சொன்னாங்க. "முதல்ல அடியைக் கழுவிட்டுப் பார்ப்போம்"னு நாங்க விடாமல் கேட்டோம். கழுவித் துடைச்சு, கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தால், சேம்பரோட ஒரு மூலையில் மட்டும் கசிவு. இன்ஜினை இறக்க வேண்டிய அவசியமே இல்லை.

நீங்களும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்லணும். மேலே டேப்பட் கவரிலோ, ஆயில் பில்டரிலோ கசிஞ்சாலும் ஆயில் வழிஞ்சு சேம்பரில்தான் வந்து நிக்கும். அடியில் டிரைன் போல்ட்டோட வாஷர் தேய்ஞ்சிருந்தாலும் சொட்டும். இடம் தெரியாமல் சேம்பரைக் கழற்றினால் கூலிதான் வீண்.

சேம்பர்தான்னு தெரிஞ்சால், வேலை நடக்கும்போது ஒருத்தர் கூடவே நில்லுங்க. வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்திட்டு யாரும் அடியில் போகக் கூடாது; ஸ்டாண்டு வைக்கணும். ஆயில் வெதுவெதுப்பா இருக்கும்போது இறக்கணும். கொதிக்கும்போது கை வெந்துடும். சில வண்டியில் குறுக்குச் சட்டம் மறைக்கும். அப்போ இன்ஜினைக் கொஞ்சம் தூக்கித்தான் எடுக்கணும், அதுக்குக் கூலி கூடுறது நியாயம்.

கழற்றின சேம்பருக்குள்ளே எட்டிப் பாருங்க. கறுப்பு வண்டல் இருந்தால் கழுவிடலாம். பளபளன்னு உலோகத் தூள் இருந்தால் உள்ளே பேரிங் தேயுதுன்னு அர்த்தம். அதைக் கேட்காமல் மூட விடாதீங்க. பம்போட சல்லடையையும் சுத்தம் செய்யச் சொல்லுங்க. பழைய பேக்கிங்கைத் துளிகூட விடாமல் சுரண்டணும். போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் சேம்பர் விளிம்பு போல்ட் ஓட்டையைச் சுத்திக் குழிஞ்சிருக்கும். அதைத் தட்டி மட்டமாக்கணும். இல்லைன்னா புதுப் பேக்கிங்கும் ஒழுகும். பேஸ்ட் மெலிசாப் போதும். அப்பினால் உள்ளே பிதுங்கி விழுந்து சல்லடையை அடைச்சிடும். போல்ட் எல்லாத்தையும் முதலில் கையால் மாட்டி, பிறகு நடுவிலிருந்து குறுக்கும் நெடுக்குமா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். பேஸ்ட் காய நேரம் விட்டுத்தான் ஆயில் ஊத்தணும்.

புதுப் பேக்கிங் போட்டும் கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகினால், பிரீதர் குழாய் அடைச்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. உள்ளே காத்து அழுத்தம் கூடினாலும் ஆயிலை வெளியே தள்ளும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தப்போ மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டினது நமக்குத் தெரியும். அந்த மாதிரி வெள்ளத்தில் முங்கின வண்டியை உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பாருங்க. ஆயில் பால் காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கு. மெக்கானிக் பார்த்து ஆயிலை மாத்தணும்.

கடைசியா மூணு பழக்கம். காலையில் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறியிருக்கும்போது கம்பியைப் பாருங்க. எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊத்தினோம்னு ஒரு நோட்டில் எழுதி, குழுக் கூட்டத்தில் படிங்க. ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிஞ்சால், விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிப் பார்த்துக்கலாம்னு ஓட்டாதீங்க. அங்கேயே ஓரம் கட்டி ஆஃப் பண்ணச் சொல்லுங்க. டிரைவர் யாரா இருந்தாலும் இதை உறுதியாச் சொல்லணும்.

கணக்கு நோட்டை யார் கையிலும் குருட்டுத்தனமா விடமாட்டோம்னு கத்துக்கிட்டவங்க நாம. வண்டியையும் அப்படியே பார்த்துக்கணும்.