எதற்காக நடக்கிறோம்?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



போன வருடம் எங்கள் வகுப்புத் தோழிகளின் வட்ஸ்அப் குழுவில் ஒரு நடைப் போட்டி வைத்தோம். மன்னார், கொழும்பு, ரொறன்ரோ என்று எங்கிருந்தாலும் போனில் உள்ள செயலி அடிகளை எண்ணும். பத்தாயிரம் தொட்டால் பதக்கம். ஒரு நாளும் விடாமல் நடந்தால் நாள்கணக்கு ஏறும். ஒரு நாள் தவறினால் பூச்சியம். இல்ல விளையாட்டுப் போட்டியில் புள்ளிக்காகத் தொண்டை கிழியக் கத்தினோமே, அதே உற்சாகம்தான்.

மூன்றாம் கிழமை ஒருத்தி போனைப் பேரப்பிள்ளையின் ஏணையில் கட்டி ஆட்டிவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். இன்னொருத்திக்கு நீரிழிவு. காலில் கொப்புளம் வந்த பிறகும், 41 நாள் கணக்குப் போய்விடுமே என்று நடந்திருக்கிறாள். எனக்குப் படம் அனுப்பியபோது அது புண்ணாகிவிட்டது. ஆற இரண்டு மாதம் சென்றது. போட்டியைத் தொடங்கச் சொன்னவள் நான். டொக்டர் சொல்கிறாள் என்றுதான் அவள் சேர்ந்தாள்.

அந்தப் பத்தாயிரம் மருத்துவர்கள் கண்டுபிடித்த எண்ணும் அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானி ஒன்றின் பெயர் ‘மான்போ-கெய்’. பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நாளுக்கு 4,400 அடி நடந்த வயதான பெண்களிடையே கூட, 2,700 அடி நடந்தவர்களைவிட மரணங்கள் குறைவாக இருந்தன. 7,500க்கு மேல் பயன் கூடவில்லை. 2016இல் ‘போகிமான் கோ’ விளையாடியவர்கள் முதல் கிழமை நாளுக்கு 955 அடி கூடுதலாக நடந்தார்கள். ஆறாம் கிழமை பழையபடி. விளையாட்டுச் சலித்தால் நடையும் நின்றுவிடுகிறது.

பேசாலைப் பக்கம் கருவாடு காயவைக்கும் அம்மா ஒருவர் என்னிடம் வருகிறவர். வெளிநாட்டு மகள் அனுப்பிய அதே மாதிரி மணிக்கூடு அவர் கையிலும் இருக்கிறது. ஓகஸ்ட் திருவிழாவுக்கு மடுவுக்கு நடந்து போகவேண்டும், அதற்குத் தன்னால் ஏலுமா என்று பார்க்கத்தான் கட்டியிருக்கிறார். பதக்கம் வந்ததா என்று கேட்டேன். அது எங்கே கிடக்கிறது என்றே தெரியாதாம். கால் நொந்தால் கழற்றி வைத்துவிடுவார். “நான் நடக்காட்டி இந்த மணிக்கூட்டுக்கு என்ன கவலை, டொக்டர்?”

இப்போது செயலி கேட்டு வருகிறவர்களிடம், எதற்காக நடக்கப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். பதில் இருப்பவருக்கு எந்தச் செயலியும் உதவும். “எல்லாரும் நடக்கினம்” என்பவரிடம், கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன்.

நூற்றாண்டுக்கு நூறு நாள் நடை வைக்கச் சங்கம் கேட்டிருக்கிறது. வைப்போம். ஆனால் முதலிடம், கடைசியிடம் வேண்டாம், நாள்கணக்கும் வேண்டாம். பெயருக்குப் பக்கத்தில் உங்கள் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். கொப்புளம் கண்டால் நடையை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். தாள் மண்டப வாசலில் இருக்கிறது. கால் ஆறிய என் தோழி ஏற்கெனவே எழுதிவிட்டாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் செயலாளருக்கு எழுதலாம்.