தாராவி வீடுகளும் நம் பழைய பங்குவழக்கும்

(நாகர்கோவிலில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நாஞ்சில் நாட்டுச் சபையில் பம்பாய்த் தாராவியைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஒரு தலைமுறைக்கு முன்னர் நம் ஊர்களில் மணியார்டர் பட்டுவாடா செய்த தபால்காரர்கள் இன்றிருப்பின் அவர்களே விடை கூறுவார்கள். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-ஆம் வருஷத்தில். அதற்கு முன்னரே திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ்ஸில் சென்று, ரயிலேறிப் பம்பாய் சேர்ந்தவர் நம்முள் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றோர் தொகை இன்னும் பெரிது. அவர்களிற் பலர் தோல் பதனிடும் வேலையை நாடித் தாராவியில் குடியேறினர். அவர்களுக்கு அண்டையில் நம்மவர் குடும்பங்களும் சில இன்றும் வசிக்கின்றன. அவர்களுடைய வீடு இப்பொழுது வழக்கிலிருக்கிறது.

தாராவி சுமார் 600 ஏக்கர் பரப்புள்ளது. ஆதியில் கோலி மீனவர் கிராமம். பின்பு சௌராஷ்டிரத்துக் குயவரும், நம் தென்னாட்டுத் தொழிலாளரும், வடநாட்டுத் தையற்காரரும் வந்து நிரம்பிய இடம். ஊரின் ஓரத்துச் சதுப்பாயிருந்த அது நகரம் வளர்ந்ததனால் இன்று நகரின் நடுவே வந்துவிட்டது. மாஹிம், மாட்டுங்கா, ஸயான் ஆகிய ரயில் நிலையங்கள் சுற்றிலும் நிற்கின்றன. மித்தி ஆற்றுக்கு அக்கரையில் பாந்த்ரா-குர்லா வட்டாரத்தின் கண்ணாடி மாளிகைகள். பூமிக்கடியில் ஓடும் மெட்ரோ ரயிலின் மூன்றாம் வழியில் தாராவி நிலையம் 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் திறக்கப்பட்டது. அச்சுரங்கவழி அமைந்துவந்த காலத்திலேயே மேலே நிலத்துக்கு ஏலமும் நடந்தது. நிலையம் வருமிடத்தில் நிலத்தின் விலை ஏறும் என்பதை வியாபாரிகளுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுவதில்லை.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் யோசனை 2004-ஆம் வருஷம் முதல் நடைபெறுகிறது. டெண்டர்கள் கோரப்பட்டன, தள்ளப்பட்டன. 2022-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்குக் கேட்டு முந்தி நின்றது. மறு வருஷம் வேலை அவர்களுக்கே ஒப்படைக்கப்பட்டது. வேலையை நடத்தும் கம்பெனியில் அவர்களுக்கு 80 பங்கு, மகாராஷ்டிர சர்க்காருக்கு 20 பங்கு. வீடுவீடாகக் கணக்கெடுப்பு 2024-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் தொடங்கிற்று.

நிபந்தனைகளைக் கவனியுங்கள். 2000-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்னரே கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப்பின் 2011-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி வரை வந்தவர்க்கு இரண்டரை லக்ஷம் ரூபாய் விலைக்கு 300 சதுர அடி, அதுவும் தாராவிக்கு வெளியே. அதற்கும் பின்னர் வந்தோரும், எந்த வருஷத்தில் வந்தாராயினும் மேல்மாடியில் குடியிருப்போரும், 2022 நவம்பர் வரையிலான அத்தாட்சி இருந்தால், வெளியிலே வாடகை கட்டி நாளடைவில் சொந்தமாக்கிக்கொள்ளும் வீட்டுக்குப் போகவேண்டும். வெளியே என்று குறிக்கப்பட்ட இடங்களுள் முலுந்து உப்பளமும், தேவனார்க் குப்பைமேடும் அடங்கும்.

அங்கே ஜனங்களிடையே அபிப்பிராயம் ஒன்றாயில்லை. மழைக்காலத்தில் சாக்கடை வீட்டுக்குள் ஏறுவதையும், பொதுக் கக்கூசில் பெண்கள் வரிசையில் நிற்பதையும் பட்டறிந்தவர்கள், கதவு சாத்தக்கூடிய ஒரு ஸ்நான அறை கிடைப்பின் வேறெதுவும் கேளோம் என்கிறார்கள். குறுகிய சந்துகளின் ஒற்றுமை வாழ்வைத் தூரத்திலிருந்து புகழும் கட்சியில் யாம் இல்லை. அவ்வாறு எழுதுவோரில் அங்கே ஒரு மாதம் தங்கியவர் அரியர். மற்றொரு சாரார் தொழிலை எண்ணிக் கலங்குகின்றனர். விடியுமுன் இட்டிலி அவித்து நகரமெங்கும் கொண்டுபோய் விற்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அடுப்பும், ஆட்டுரலுக்குப் பதிலாக வந்த கிரைண்டரும், பாத்திரம் கழுவும் வாசலும், சைக்கிள் நிறுத்தும் இடமும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலொழியப் பிழைப்பில்லை. இருபதாவது மாடியில் அவர்கள் அண்டாவை எங்கே கவிழ்ப்பது? குயவருக்குச் சூளை, தோல்வினைஞருக்குப் பட்டறை என்று ஒவ்வொருவருக்கும் இக்கேள்வி உண்டு. இதர குடிசைப் பகுதிகளில் இத்தகைய வேலைக்குக் குடியிருப்போரிற் பாதிக்கு மேற்பட்டோர் சம்மதம் வேண்டும். தாராவிக்கு அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஆகையால் விவாதம் தெருவில் நடக்கிறதேயன்றி ஓட்டாக மாறுவதில்லை.

எம்மை அதிகமாய் உறுத்துவது மேல்மாடிக்காரர் விஷயமே. தாராவியில் வீடு என்பது பெரும்பாலும் கீழே ஓர் அறை, அதன்மேல் இரும்பேணி வைத்து ஏறும் மற்றோர் அறை. மேலே இருப்பவர் முப்பது வருஷம் வாடகை கொடுத்தவராயிருக்கலாம். அவர் பிள்ளைகள் அங்கேயே பிறந்திருக்கலாம். ஆயினும் ஏணிக்கு மேலே இருந்த குற்றத்தால் அவர் வேறு ஜாபிதாவில் சேர்கிறார்.

இதைக் கேட்கும்போது நம் மூத்தோருக்கு ஒரு பழைய ஞாபகம் வரவேண்டும். மருமக்கள் வழியினராயிருந்த நம் குடும்பங்களில் காரணவர் காலமானால் வஸ்துக்கள் அவருடைய சகோதரியின் மக்களைச் சேர்ந்தன. தகப்பனோடு வயலில் இறங்கி உழைத்த மகனுக்கு உகந்துடைமை என்று ஒரு துண்டு கிடைத்தால் அதுவே பெரிது. வீட்டில் வாழ்ந்தவன் ஒருவன், வீட்டுக்கு உரியவன் வேறொருவன். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் அக்கொடுமையை மான்மியமாகப் பாடி ஊரைச் சிரிக்கவைத்தும் அழவைத்தும் காட்டினார்கள். கொல்லம் 1101, அதாவது 1926-ஆம் வருஷத்தில், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் திருவிதாங்கூரில் நிறைவேறிற்று. பாகம் பிரித்தால் குடும்பம் சிதறும் என்று அஞ்சினோரும் நம்முள் இருந்தனர். சிதறிய குடும்பங்களும் உண்டுதான். இருந்தும், அம்முறையை மீட்டுத் தாருங்கள் என்று கேட்பார் இச்சபையில் ஒருவரேனும் இலர். குடியிருப்பவன் உழைப்பையும் காலத்தையும் பாராமல், அவன் எவ்வயிற்றில் பிறந்தான் என்று அன்று அளந்தார்கள். இன்று எத்தளத்தில் உறங்கினான் என்று அளக்கிறார்கள்.

எல்லோருக்கும் இலவச வீடு கொடுத்தால் கணக்கு கட்டாது என்று கூறுவோர் உண்டு. அதிலும் சிறிது உண்மை இருக்கிறது. விற்பனைக்குக் கட்டும் மாளிகைகளின் லாபத்திலிருந்தே இலவச வீட்டின் செலவு வரவேண்டும். ஆனால் மெட்ரோ நிலையத்தருகே விற்கப்படும் ஒவ்வொரு சதுர அடியும் என்ன விலை போகும் என்பதைக் கம்பெனி அறியும். அவ்விலையை ஏற்றிய ஜனங்களுள் மேல்மாடிக்காரரும் சேர்ந்தவர். ஒரே தேதிக்கு முன்னர் வந்தவர்களிடையே ஏணியைக்கொண்டு பேதம் செய்யலாகாது என்பதே எமது துணிபு.

சர்க்காரிடம் முறையிடுவது ஒருபுறம் இருக்கட்டும். நம்மவரே சிலர் அங்கே கீழ்த்தளத்து வீட்டுக்காரர். நம்மவரே வேறு சிலர் மேலே குடிக்கூலிக்காரர். மேலே யாரும் இல்லை, அது எங்கள் உபயோகத்துக்கே என்று வீட்டுக்காரர் கணக்கெடுப்போரிடம் கூறிவிட்டால், மேலேயுள்ளவருக்கு முலுந்து உப்பளமும் இல்லாமற் போகும். பத்து வருஷம் வாடகை வாங்கியவர் ஒரு ரசீது எழுதிக் கொடுப்பதில் அவருடைய 350 சதுர அடியில் ஓர் அங்குலமும் குறையாது. இதை இங்கிருந்து உறவுமுறையார் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். வேறெவர் சொன்னாலும் கேளார்.

தாராவியில் அண்ணன் தம்பியோ, மைத்துனரோ, மதினியோ உள்ளவர்கள் தங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பழைய ரேஷன் கார்டு, கரண்டு பில், வாக்காளர் பட்டியல் நகல், அங்கிருந்து வந்த கடிதங்களின் உறை, விலாசத்தோடு கூடிய மணியார்டர்த் துண்டு ஆகியவை ஓலைப்பெட்டியிலும் மச்சிலும் கிடக்கக்கூடும். இங்கே அவை பழங்காகிதம். தேதியொன்றை நிரூபிக்கவேண்டியவனுக்கு அங்கே பயன்படலாம். அகப்பட்டவற்றை அடுத்த கூட்டத்துக்குமுன் சங்கக் காரியதரிசியிடம் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். நகல் எடுத்து, மூலத்தை உரியவர்க்குத் தபாலில் அனுப்பும் செலவைச் சங்கம் ஏற்குமா என்பதை இன்று மாலையே சபையார் தீர்மானிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.