அறிந்தும் வாய் திறவாமை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், புவி வெப்பமடைதலையும் அதுபற்றி மக்கள் கொண்டுள்ள நம்பிக்கையையும் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம். கல்விச் சங்க மேடையில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். சித்திரை வெயிலில் நாற்றங்காலில் குனிந்து நிற்போர் யார், செங்கற்சூளையில் கல் சுமப்போர் யார், தகரக் கூரையின் கீழ் இரவெல்லாம் உறக்கமின்றிப் புரள்வோர் யார் என்று எண்ணிப் பார்ப்பின், விடை தானே விளங்கும். வெயில் எல்லோர்க்கும் பொது, நிழலோ பொதுவன்று.

முதற்கண் செய்தி இன்னதென்று சுருங்கக் காண்போம். நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை எரிக்குங்கால் கரியமில வாயு வெளிப்படுகிறது. அது பூமியின் வெப்பத்தை வெளியேற விடாது தடுக்கும் தன்மையுடையது. இதனை ஜான் டிண்டால் என்னும் அறிஞர் 1859ஆம் ஆண்டிலேயே சோதனையால் மெய்ப்பித்தார். சுவீடன் நாட்டு அர்ரீனியஸ் 1896ஆம் ஆண்டில், இவ்வாயு பெருகின் உலகின் வெப்பம் எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420 பங்கினைக் கடந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முற்பட்ட நிலையைவிட உலகின் சராசரி வெப்பம் 1.5 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்த முதல் ஆண்டாக 2024 பதிவாயிற்று. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது.

இவ்வளவு தெளிவான செய்தியில் ஐயம் எங்ஙனம் புகுந்தது? ஐயமும் விதைக்கப்பட்டதே. எக்சான் என்னும் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1970களிலும் 1980களிலும் செய்த கணிப்புகள் பெரிதும் சரியாகவே இருந்தன என்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று நிறுவிற்று. உள்ளே உண்மையை அறிந்திருந்த அந்நிறுவனம், வெளியே பல்லாண்டுகள் ஐயத்தையே பேசி வந்தது. கற்றோர் அனைவரும் உண்மையே உரைப்பர் என்று எண்ணுதல் தவறு என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

எனினும் இன்றைய பெருந்தடை ஐயம் அன்று. மௌனமே பெருந்தடை என்பது நம் கருத்து.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அறிஞர்கள் 2011ஆம் ஆண்டில் நம் இந்திய நாட்டில் ஏறத்தாழ 4,000 பேரை வினவினர். புவி வெப்பமடைதல் என்பதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றோ, தெரியாது என்றோ கூறியோர் நூற்றுக்கு 41 பேர். பின்னர், உலகின் சராசரி வெப்பம் கூடி வருகிறது, அதனால் தட்பவெப்பம் மாறக்கூடும் என்ற சிறு விளக்கத்தைச் சொல்லிக் கேட்டபோது, ஆம், அது நிகழ்கிறது என்று கூறியோர் நூற்றுக்கு 72 பேர்! மக்களிடம் அனுபவம் இருந்தது. அதற்குரிய பெயர்தான் இல்லை. மழை தவறியதையும் கிணறு வற்றியதையும் நம் பாட்டனார் பாட்டிமார் நன்கறிவர். ஆயின், "கலி முற்றிவிட்டது" என்று பெருமூச்சுவிட்டு அமைவர். வெயில் கூடிற்று என்று அறிதல் ஒன்று. அது மனிதர் செயலால் வந்தது, ஆதலின் மனிதர் செயலாலே தணிக்கவும் கூடும் என்று அறிதல் மற்றொன்று. முன்னையதைக் காலம் கற்பிக்கும். பின்னையதைக் கல்வியே கற்பித்தல் வேண்டும்.

மற்றோர் ஆய்வும் உண்டு. 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம் வினவிய அவ்வாய்வு 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம் அரசு இத்துறையில் இன்னும் மிகுதியாகச் செய்ய வேண்டும் என்றோர் நூற்றுக்கு 89 பேர். தம் மாத வருவாயில் நூற்றில் ஒரு பங்கு தர இசைந்தோர் நூற்றுக்கு 69 பேர். ஆனால் உங்கள் நாட்டில் எத்தனை பேர் இங்ஙனம் தர இசைவர் என்று வினவியபோது, நூற்றுக்கு 43 பேர் அளவே இருப்பர் என்று மதிப்பிட்டனர். நாம் மட்டுமே கவலைப்படுகின்றோம், அண்டை வீட்டார் கவலைப்படவில்லை என்று ஒவ்வொருவரும் எண்ணி வாளாவிருக்கின்றனர். அண்டை வீட்டாரும் அவ்வாறே எண்ணுகின்றனர். ஆட்சியாளரோ இம்மௌனத்தைக் கண்டு, மக்களுக்கு அக்கறையில்லை என்று முடிவு கட்டுகின்றனர்.

மௌனத்திற்குச் சோற்றுக் கவலையும் ஒரு காரணம். நிலக்கரியை விட்டுவிடின் சுரங்கத் தொழிலாளியின் அடுப்பு எரியுமா என்ற வினா நியாயமானதே. பிரிட்டனில் 1984-85ஆம் ஆண்டுகளில் சுரங்கத் தொழிலாளர் ஓராண்டுக் காலம் வேலைநிறுத்தம் செய்தும் சுரங்கங்கள் மூடப்பட்டன. அம்மூடல் தட்பவெப்பம் கருதிச் செய்யப்பட்டதன்று. எனினும் மாற்று வழி காட்டாது மூடியதால் ஊர் ஊராக வேலையின்றி வாடின. ஜெர்மனியோ 2020ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 2038ஆம் ஆண்டிற்குள் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிடவும், அதனை நம்பியிருந்த பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை வழங்கவும் உறுதிசெய்தது. இவ்விரண்டில் எவ்வழி நெய்வேலிக்கு வேண்டும் என்று இன்றே கேட்கத் தொடங்குதல் நம் கடமை. நிரந்தரப் பணியாளர் மட்டுமன்றி ஒப்பந்தக் கூலிகளும் அக்கணக்கில் வருதல் வேண்டும்.

நம்மவர் விளக்கை அணைக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் பயின்றோர் இவ்வவையிலேயே பலர் உளர். சராசரி அமெரிக்கர் ஒருவர் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 14 டன். இந்தியர் ஒருவர்க்கு அது சுமார் 2 டன். நம் குடிசைகளின் பங்கு அதனினும் சிறிது. ஆதலின் மிகுதியாக எரித்தோர் முதலில் குறைத்தல் நீதி. ஆயினும் 2023ஆம் ஆண்டில் துபாய் மாநாட்டில், நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றிலிருந்து விலகிச் செல்ல உலக நாடுகள் இசைந்தன. இந்தியாவும் 2070ஆம் ஆண்டினை இலக்காகக் குறித்துள்ளது. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டினைக் கடந்துவிட்டது. கமுதியில் 2016 முதல் பெரும் சூரிய மின்நிலையம் இயங்குகிறது. புதிய தொழில் வந்துகொண்டிருக்கிறது. அங்கு நம் பிள்ளைகள் காவற்காரராகவும் துப்புரவுப் பணியாளராகவும் மட்டும் நிற்பதா, பொறியாளராகவும் மின்பணியாளராகவும் அமர்வதா என்பதே நம்முன் உள்ள வினா.

ஆதலின், இளைஞர்களே, மூன்று பணிகளை உங்கள்பால் ஒப்படைக்கின்றோம். ஒன்று, இச்செய்தியை உங்கள் வீட்டுத் திண்ணையில் தாய் தந்தையர்க்கு எளிய சொற்களில் எடுத்துரையுங்கள். அவர்தம் அனுபவத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு, மே முதல் நாள் கூடும் கிராம சபையில் எழுந்து நின்று, கோடையில் வேலை நேரத்தை விடியற்காலைக்கு மாற்றவும், பணியிடத்தில் நிழலும் குடிநீரும் அமைக்கவும் கேளுங்கள். மூன்று, தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்ந்து இப்புதுத் தொழில்களைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கிராம சபையில் முதலில் ஒருவர் எழுதல் வேண்டும். அவர் எழுந்தபின்னரே, தம்மைப் போன்றே எண்ணியிருந்தோர் அவ்வூரில் எத்தனை பேர் என்பது தெரியவரும். அம்முதல்வர் நம் சங்கத்தில் பயின்ற ஒருவராக இருத்தல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.