இறகுப்பந்து: முதலில் கற்க வேண்டியவை



ஐதராபாத் நகரின் பேகம்பேட் பகுதியில், மாலைவேளைகளில் அடுக்கு வீட்டு வளாகங்களில் வலை கட்டிச் சிறுவர் சிறுமியர் இறகுப்பந்து ஆடுவதைக் காணலாம். இதில் வியப்பில்லை. 2001-ஆம் ஆண்டில் அனைத்திங்கிலாந்துப் பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த் இந்நகரில் பயின்றவர். 2008-இல் கச்சிபௌலியில் பயிற்சிக்கூடம் நிறுவியவர். 2012-இல் ஒலிம்பிக் வெண்கலம் பெற்ற சாய்னா நேவாலும், 2016-இல் வெள்ளி பெற்று 2019-இல் உலகப் பட்டமும் வென்ற பி. வி. சிந்துவும் அங்கே பயின்றவர்களே.

இப்புகழுக்கு ஒரு விலையும் உண்டு. மட்டையைக் கையிலெடுத்த முதல் நாளே, ‘ஸ்மாஷ்’ எனும் ஓங்கியடியைக் கற்க வேண்டுமென்று குழந்தை கேட்கிறது. பெற்றோரும் அதையே விரும்புகின்றனர். சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி என்னும் ஆந்திர இளைஞர் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை அடித்ததை 2023-இல் கின்னஸ் பதிவேடு ஏற்றுக்கொண்டது. அவ்வேகத்திற்கு முன் கழிந்த பயிற்சி ஆண்டுகளை எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை.

தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றுமோர் இடர் உண்டு. நம்மிற் பலர் தமிழகத்துப் பள்ளிகளில் பூப்பந்து ஆடியவர்கள். தஞ்சையில் அரச குடும்பத்தார் ஆடி வளர்த்ததாகச் சொல்லப்படும் அந்த ஆட்டத்தின் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம் வரை எடையுள்ளது. பதினாறு இறகுகள் செருகிய இறகுப்பந்தோ ஐந்து கிராம் அளவே. அது மட்டையை விட்டு அம்பெனப் புறப்பட்டாலும், காற்றின் தடையால் விரைவிலேயே தளர்ந்து விழுந்துவிடும். ஆகவே, கம்பளிப் பந்தை அடித்துப் பழகிய கைப்பலத்தை அப்படியே பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பொருந்தாது. இங்கே வேண்டுவது பலமன்று, முறையும் நேரமுமே.

முதற்பாடம் மட்டையைப் பிடிப்பது. ஒருவரோடு கைகுலுக்குவதுபோல் பிடியைத் தளர்வாகப் பற்ற வேண்டும். பந்தைத் தொடும் நொடியில் மட்டும் விரல்களை இறுக்க வேண்டும். எப்போதும் இறுகிய பிடி மணிக்கட்டைக் கட்டிப்போடும்.

அடுத்தது சர்வீஸ். அடிபடும் நேரத்தில் பந்து முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. ஒற்றையர் ஆட்டத்தில் எதிரியின் பின்கோட்டருகே விழுமாறு உயரமாக அனுப்பப் பழகுவது தொடக்கத்தில் நன்று. இரட்டையரில் வலையை உரசாமல், ஆனால் ஒட்டியே அனுப்ப வேண்டும்.

மூன்றாவதாக வருவதே இவ்வாட்டத்தின் ஆணிவேர். பின்களத்திலிருந்து எதிரியின் பின்களத்திற்கு உயரமாகச் செலுத்தும் அடி அது. நம் ஆட்டக்காரர் பலர் அதனை ‘டாஸ்’ என்பர். பந்து வரும்போது உடலைப் பக்கவாட்டில் திருப்பி, மட்டையில்லாத கையைப் பந்தை நோக்கி உயர்த்தி, முழங்கையை மேலே கொண்டுவந்து, தலைக்குச் சற்று முன்னே எட்டக்கூடிய உச்சியில் பந்தைச் சந்திக்க வேண்டும். பந்து தோளளவு இறங்கும்வரை காத்திருப்பதே தொடக்கத்தார் செய்யும் பெரும்பிழை.

இதே நிற்பு, இதே கையுயர்வு. முடிவில் விசையைத் தணித்து மெல்லத் தொட்டால், பந்து வலைக்கு அப்பால் விழும் ‘டிராப்’ ஆகிறது. முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து விசையோடு அடித்தால் ‘ஸ்மாஷ்’ ஆகிறது. மூன்றும் ஒரு தாயின் மக்கள். மூன்றில் எது வரப்போகிறதென எதிரி அறியாதிருப்பதே ஆட்டத்தின் நுட்பம். டாஸை நன்கு கற்றவனுக்கு மற்ற இரண்டும் எளிதில் கைவரும். ஓங்கியடியை மட்டும் முதலில் கற்றவனுக்கோ அதுவும் முழுமையாக வருவதில்லை; தோள்வலி மட்டும் வந்து சேரும்.

அடிகளுக்கு இணையாகக் கால்களும் பழக வேண்டும். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் களத்தின் நடுவுக்குத் திரும்புவது முதல் ஒழுக்கம். நாள்தோறும் பத்து நிமிடம், பந்தே இல்லாமல், மூலைக்குச் சென்று கையசைத்து நடுவுக்கு மீள்வது சலிப்பூட்டும் பயிற்சிதான். எனினும் முழங்காலைக் காப்பது அதுவே. முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மீண்ட பின்னரே கோபிசந்த் அனைத்திங்கிலாந்துப் பட்டம் வென்றார் என்பதை நினைவிற் கொள்வோமாக.

காற்றடிக்கும் மொட்டைமாடியில் இப்பாடங்களைக் கற்க இயலாது. உள்ளரங்கு கிடையாவிடில், காற்று அடங்கிய அதிகாலை வேளையைத் தேர்ந்துகொள்ளலாம்.

பெற்றோருக்கு நாம் கூற விரும்புவது இதுவே. முதல் ஆண்டில் பிள்ளை எத்தனை கோப்பை வென்றான் என்று கேளாதீர்கள். பந்தைப் பின்கோடு வரை பத்து முறை தவறாமல் அனுப்பினானா என்று கேளுங்கள். அவசரத்தால் பன்னிரண்டு வயதிலேயே வலியும் சலிப்பும் கொண்டு மட்டையை மூலையில் வைத்துவிடும் பிள்ளைகள் உண்டு. பொறுமையாகக் கற்றவர்களுள் எல்லாரும் சிந்து ஆகிவிடமாட்டார்கள். ஆனால் ஐம்பது வயதிலும் மாலைவேளையில் ஆடிக் களிப்பார்கள். அதுவும் சிறிய வெற்றியன்று.