பயிற்றுநர் ஆவதற்கு ஓராண்டு

(வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளைப் பள்ளியிறுதி கடக்கச் செய்தது, எத்தனை பேரைப் பட்டம் பெறச் செய்தது என்பதனை எமக்கு முன் பேசிய அன்பர்கள் விரிவாக எடுத்துரைத்தனர். நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கற்றவர் பலரை உருவாக்கிய நாம், கற்பிப்பவர் எத்தனை பேரை உருவாக்கினோம்? பள்ளி ஆசிரியரைக் குறித்து இங்கே கேட்கவில்லை. ஆலையிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் வளர்ந்த ஆண் பெண்களுக்குத் தொழில் கற்பிக்கும் பயிற்றுநரைக் குறித்தே கேட்கின்றோம்.

சங்கம் தோன்றியபோது இப்பகுதி எவ்வாறு இருந்தது என்பதை முதியோர் அறிவர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரகடம் அன்று ஏரிப் பாசனத்து ஊர். பின்னர் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1891இல் அன்றைய செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பயனாய் நம் முன்னோர்க்கென ஒதுக்கப்பெற்ற பஞ்சமி நிலங்கள் எங்கே போயின என்பது வேறொரு மேடைக்குரிய பேச்சு. நிலம் போனபின் நம் மக்களுக்கு எஞ்சியது கைத்தொழில். அதுவும் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழில். திருப்பெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதை நம் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே இணைப்பு வரிசையில் ஒரே வேலையை மட்டும் பழகிய கைக்கு, அந்த வரிசை நின்ற மறுநாள் எங்கே போவதென்று தெரியவில்லை.

இனி ஒரு நிகழ்ச்சி. அதில் எங்கள் பிழையும் உண்டு என்பதால் மறைக்காமல் சொல்கின்றோம்.

நம் மாலை வகுப்பில் படித்த இளைஞர் ஒருவர் ஃபிட்டர் பிரிவில் தொழிற்பயிற்சி முடித்து, உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் சேர்ந்தார். ஒன்பது ஆண்டுகள் உழைத்தார். மாதந்தோறும் புதிய ஒப்பந்தத் தொழிலாளர் வரும்போதெல்லாம் மேற்பார்வையாளர், "இவரிடம் நில்லுங்கள், சொல்லித் தருவார்" என்று அவரிடமே அனுப்புவார். பயிற்றுவித்தவர் அவர்தான், ஊதியமோ இயந்திரம் இயக்குபவர்க்கு உரியது. ஒருநாள் அங்கே பயிற்றுநர் பதவி ஒன்று ஏற்பட்டது. பயிற்றுநர் சான்றிதழ் உடைய வேறொருவர் அதில் அமர்ந்தார். வந்தவர்க்கும் முதல் மாதம் முழுதும் ஆலையைச் சுற்றிக்காட்டிக் கற்பித்தவர் நம் இளைஞரே!

அவர் எங்களிடம் வந்து, "ஓராண்டு விடுப்பெடுத்துக் கிண்டியில் படிக்கட்டுமா?" என்று கேட்டார். கையிலிருக்கும் வேலையை விடாதே என்று அறிவுரை கூறி அனுப்பினோம். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. நாங்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் தவறு தவறுதான். அவர் எங்கள் சொல்லைக் கேட்கவில்லை. மனைவி ஒருவர் வருவாயில் குடும்பம் ஓராண்டை ஓட்டியது. இன்று அவர் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் பயிற்றுநர். அந்த ஓராண்டில் சங்கம் அவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை என்பதனையும் இந்த மேடையிலேயே சொல்லிவிடுகின்றோம்.

கிண்டி என்று சொன்னது அங்குள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையத்தை. முன்னாளில் மத்தியப் பயிற்சி நிலையம் என்றும், பிறகு உயர்நிலைப் பயிற்சி நிலையம் என்றும் அழைக்கப்பெற்றது. பயிற்றுநர்க்கான ஓராண்டுப் படிப்பு அங்கே நடைபெறுகின்றது. தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழோ, தொழிற்பழகுநர் சான்றிதழோ, பட்டயமோ உடையவர் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். மத்திய அரசு நிறுவனமாதலின் பட்டியல் இனத்தவர்க்கு நூற்றுக்குப் பதினைந்து இடம் உண்டு. அந்த இடங்களை நாடி நம் ஊர்களிலிருந்து விண்ணப்பித்தோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களே போதும்.

இந்த ஏற்பாட்டின் வேர் எங்கே உள்ளது என்பதை அறிந்தால் நீங்கள் வியப்புறுவீர்கள். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அவருடைய துறையின்கீழ்தான், போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு வாழ்வளிக்க, 1945 ஜூலையில் மீள்குடியமர்வு, வேலைவாய்ப்பு இயக்ககம் அமைக்கப்பெற்றது. 1948இல் பிலாஸ்பூர் அருகே கோனியில் பயிற்றுநர்க்கென ஒரு நிலையம் தொடங்கிற்று. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. அந்த இயக்ககத்தின் வழிவந்ததே இன்று இப்படிப்பை நடத்தும் பயிற்சித் தலைமை இயக்ககம். அண்ணலின் படத்திற்கு மாலையிடும் நாம், அவர் பொறுப்பிலிருந்த துறையில் முளைத்த மரத்தின் கனியைப் பறிக்காமல் நிற்கின்றோம்.

தொழில் தெரிந்தால் கற்பிக்கத் தெரியாதா, இதற்கு ஓராண்டு எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. டார்க் ரெஞ்சு என்னும் முறுக்குவிசைத் திருகியை எடுத்துக்கொள்வோம். பழகியவர் அதைப் பிடித்து இழுப்பார். 'டிக்' என்றதும் நிறுத்துவார். எப்படிச் செய்தீர் என்று கேட்டால், "கை சொல்லும்" என்பார். அவருடைய கை அவருக்குச் சொல்லும். நேற்று வேலைக்கு வந்தவருக்கு யார் சொல்வது? அளவை முதலில் எங்கே அமைப்பது, பிடியின் எந்த இடத்தில் கை இருப்பது, ஒலி கேட்டபின் மேலும் இழுத்தால் மரை என்னவாகும் என்று ஒவ்வொன்றையும் பிரித்து வரிசைப்படுத்திச் சொல்லுதல் தனிக் கலை. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆட்களை விரைந்து பழக்கவேண்டி வந்தபோது, சார்லஸ் ஆலன் என்பார் இதனை ஆயத்தப்படுத்தல், செய்துகாட்டல், செய்யவைத்தல், சோதித்தல் என நான்கு படிகளாக வகுத்தார். இரண்டாம் போரிலும் அம்முறை பயன்பட்டது. கிண்டியில் பாடத்திட்டம் எழுதவும், செய்முறைத் தாள் அமைக்கவும், சக மாணாக்கர் முன் சில நிமிடம் பாடம் நடத்திக் குறை கேட்டுத் திருத்திக்கொள்ளவும் பழக்குகின்றனர். நம் இளைஞர் ஒன்பது ஆண்டுகள் கற்பித்தும், முதற் பாடத்திட்டம் எழுத மூன்று இரவுகள் விழித்தாராம்.

வளர்ந்தவர்க்குக் கற்பிப்பதில் மற்றொன்றும் உண்டு. குழந்தை புரியவில்லை என்றால் அழும். நாற்பது வயதுடையவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். பத்துப் பேர் நடுவே, "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அவர் மறுநாள் வேலைக்கே வரமாட்டார். அதிலும் நம்மவர்க்கு அச்சொல்லின் பின்னால் வேறு சொற்களும் கேட்கும், பரம்பரையாகக் கேட்டவை. அந்த மௌனத்தின் பொருள் அறிந்தவர் பயிற்றுநராக நின்றால் கற்பவர்க்குத் தெம்பு வரும். நம் பெண்களும் இதில் முன்வர வேண்டும். தன் வயதில் பாதியே உள்ள ஒரு பெண் வெல்டிங் சொல்லிக்கொடுக்க, ஆண்கள் நின்று கேட்கும் காட்சி இங்கே அரிது.

இவ்வூர் இராமாநுசர் பிறந்த ஊர். மறைபொருளாகக் கற்றதைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேலிருந்து எல்லார்க்கும் உரைத்தார் என்று சொல்வர். ஆயினும் அக்காலத்து நம் மக்கள் கோபுரத்தின் எப்பக்கத்தில் நின்று கேட்டனர் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் பக்கத்தில் ஆசிரியப் பணிக்கு வழிகாட்டிகள் உண்டு. பறங்கிமலையில் பிறந்த பெருந்தலைவர் எம்.சி.இராஜா, சட்டமன்றத்தில் குரல் கொடுத்ததோடு பள்ளி ஆசிரியராகவும் விளங்கியவர்.

சில எச்சரிக்கைகள். மூன்று நாளில் பயிற்றுநர் சான்றிதழ் வாங்கித் தருவதாகப் பணம் கேட்டு வருவோர் உளர், நம்பாதீர்கள். முறையான சான்றிதழும் உடனே நிரந்தர வேலை தந்துவிடாது; ஒப்பந்தப் பயிற்றுநராகச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். நுழைவுத் தேர்வுக்கும் பாடங்களுக்கும் ஆங்கிலம் ஓரளவு வேண்டும். நம் மாலை வகுப்பில் அதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவதில் தடை இருக்காது என்று நினைக்கின்றோம்.

இறுதியாக, வெள்ளி விழா நிதி. நினைவு வளைவு ஒன்று எழுப்ப வேண்டும் என்று செயற்குழுவில் பெரும்பான்மையோர் விரும்புகின்றனர். அவர்கள் மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. ஊர் முகப்பில் நம் பெயர் பொறித்த வளைவு நிற்பது சிறிய செய்தியன்று. ஒரு காலத்தில் அந்தப் பாதையில் செருப்பணிந்து நடக்கவும் நம் தாத்தாமார்க்கு உரிமை இல்லை. ஆயினும் ஆண்டுக்கு இருவர்க்கு, ஓராண்டுக் குடும்பச் செலவை அந்நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகின்றோம். இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். திரும்பி வந்தபின் ஞாயிறுதோறும் நம் மாலை வகுப்புக் கட்டடத்தில் அவர்கள் தொழில் கற்பிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வளைவு ஐந்தாண்டு பொறுக்கும் என்பது எங்கள் கருத்து. மறுப்போர் எழுந்து பேசலாம். பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

விண்ணப்பிக்க எண்ணுவோர்க்காக வாயிற்புற மேசையில் ஓர் ஏடு வைத்திருக்கின்றோம். பெயர், தொழிற்பிரிவு, தேறிய ஆண்டு மட்டும் எழுதினால் போதும். இரவுப் பணிக்குச் செல்வோர் முதலில் எழுதட்டும். ஆலைப் பேருந்து வரும் நேரம் ஆகிவிட்டது.